அது உன்பாடு

தாராவி, மும்பை

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடத்தில் அமைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருவோம். தாதர்–திருநெல்வேலி வண்டியில் டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு, அதை இப்போதே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மறுசீரமைப்பில் யாருக்கு வீடு, எங்கே வீடு என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. சயான் பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடிய பிறகு, அந்தப் பக்கத்து ஆட்கள் ஆராதனைக்குச் சுற்றிக்கொண்டு வந்து பழகிவிட்டார்கள்.

சரி, கடிதத்தின் பின்பாதிக்கு வருகிறேன். உங்கள் வாலிபர் கூட்டத்தை நடத்திவந்த தம்பி குடியில் விழுந்துவிட்டதையும், சபைக் கமிட்டியில் அதை எடுக்கப்போவதையும் எழுதியிருந்தாய். "இரட்சிக்கப்பட்டேன் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னவன் இப்படிச் செய்வானா? அப்போது சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டிருக்கிறாய். விசுவாசியும் விழுவான், அப்பா. வேதம் அதை எங்கேயும் மூடி மறைக்கவில்லை. அடுத்தவன் மனைவி பத்சேபாள் விஷயத்தில் விழுந்தபோது தாவீது புதிதாக நம்பிக்கைக்கு வந்தவனா? எத்தனையோ வருஷம் கர்த்தரோடு நடந்தவன். "ஒருக்காலும் இடறலடையேன்" என்று சொன்ன பேதுரு, அன்று இரவே ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தான். அதற்காக அவன் முன்னே சொன்ன விசுவாச அறிக்கை பொய் என்று ஆண்டவர் தள்ளிவிடவில்லை.

எங்கள் சபையில் நடந்ததை உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "யாருக்காவது உதவினால் எழுதுங்க" என்றார். அவர் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தவர். பாடகர் குழுவிலும் இருந்தவர், காணிக்கைப் பை அவர் கையில் இருந்தால் யாரும் இரண்டாம் முறை எண்ண மாட்டார்கள். போனில் பணம் வைத்து ரம்மி ஆட ஆரம்பித்து, சம்பளம் போய், கடன் வாங்கி, கடைசியில் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைத்துவிட்டார். அடுத்த சம்பளத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதல் தடவை எடுத்தாராம். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிறாரே, இச்சை இழுக்கிறது, சிக்கவைக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பிறகுதான் பாவம் பிறக்கிறது என்று. விழுந்தது ஒரு நாளில் தெரிகிறது, ஆனால் கரையான் எப்போது உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. தனி ஜெபம் நின்று எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. பாட்டும் காணிக்கையும் கமிட்டியும் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தன.

கணக்கு இடித்தபோது கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்ட பேர், கமுக்கமாக முடித்துவிடுவோம் என்றார்கள் சிலர். பேரை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அறிவித்துவிடுவோம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு கூட்டத்திலும் அவர் வீட்டுக்குப் போன ஆள் ஒருவரும் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த வாரத்தில் மத்தேயு 27ஆம் அதிகாரம் என்னை விடவே இல்லை. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனஸ்தாபப்பட்டு, முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுவந்து, "பாவஞ்செய்தேன்" என்று ஆசாரியர்களிடம் சொல்கிறான். வாயால் அறிக்கை செய்துவிட்டான், பணத்தையும் நீட்டுகிறான். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." பாவத்தை அறிக்கையிட வந்தவனிடம் ஆசாரியன் பேசுகிற பேச்சா இது? அவன் போய் நான்றுகொண்டு செத்தான். யூதாசின் குற்றத்தை நான் குறைக்கவில்லை. அவன் ஆண்டவரிடம் திரும்பாமல் போனான் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நம் கமிட்டிகளில் அதே பதிலை மரியாதையான வார்த்தைகளில் சொல்கிறோம்.

இனி பேதுருவைப் பார். அவன் விழுவதற்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். உயிர்த்தெழுந்த காலையில் தூதன் சீஷர்களுக்குச் செய்தி சொல்லும்போது, "பேதுருவினிடத்திற்கும்" என்று பேரைத் தனியாக எடுத்துச் சொல்கிறான். மீன்பிடிக்கப் போகிறேன் என்று பேதுரு கிளம்பினால், நாங்களும் வருகிறோம் என்று மற்றவர்கள் கூடவே படகில் ஏறுகிறார்கள். மறுதலித்தவன் என்று யாரும் ஒதுங்கவில்லை. அப்புறம் கரையில் கரிநெருப்பு. அவன் குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்ததும் கரிநெருப்பின் பக்கத்தில்தான், யோவான் இரண்டையும் எழுதியிருக்கிறார். ஆண்டவர் முதலில் சாப்பிட வைத்தார், அதற்குப் பிறகுதான் கேள்வி. மூன்று தரம் மறுதலித்தவனை மூன்று தரம் கேட்டார், பேதுரு துக்கப்படுகிற அளவுக்குக் கேட்டார். நடந்ததை நடக்காததுபோல விடவில்லை.

எங்கள் சபைப் போதகர் ஐயரும் நானும் ஒரு சாயங்காலம் பொருளாளர் வீட்டுக்குப் போனோம். எங்கள் தெரு மாடியறைகளை நீ பார்த்திருக்கிறாய், நெட்டுக்குத்தான இரும்பு ஏணியும் பிடித்து ஏற ஒரு கயிறும். ஐயர் வயசானவர், செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மெல்ல மெல்ல ஏறினார். பொருளாளர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னை எதுக்குப் பார்க்க வந்தீங்க?" என்பதுதான் முதல் வார்த்தை. ஐயர் புத்தி ஒன்றும் சொல்லாமல் 32ஆம் சங்கீதத்தை வாசித்தார். பாவத்தை அடக்கிவைத்தபோது "என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று வருகிற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். பாடகர் குழுவில் நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், வெறுமனே வாயசைப்பேன் என்றார். அப்புறம் எழுந்து, துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கொடுத்தார். எடுத்த ஒவ்வொரு தொகையும் தேதி போட்டு எழுதியிருந்தது. கமிட்டி கண்டுபிடித்தது பாதிதான், மீதிக் கணக்கு அந்த நோட்டில் இருந்தது. அவர் மனைவி அதுவரை ஒன்றும் அறியாதவர். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அதன் பிறகும் சுலபமாக இல்லை. மன்னிப்பு அன்றைக்கே கிடைத்தது. 1 யோவான் 1:9 அறிக்கையிட்டவனுக்குத் தவணை சொல்வதில்லை. ஆனால் சீர்ப்படுவதற்குக் காலம் வேண்டும். தாவீதுக்கும் தீர்க்கதரிசி நாத்தான் மன்னிப்பைச் சொன்ன அதே மூச்சில் பின்விளைவுகளையும் சொன்னான். மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தார், ஐயர் வாங்க மறுத்துவிட்டார். மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டச் சொன்னோம், கட்டி வருகிறார். வங்கிக் கணக்கு மனைவி போனுக்கு மாறியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை வந்தபோது, "கடையைத்தான் மூடியிருக்காங்க, ஆசை இன்னும் இருக்கு, எனக்காக ஜெபிக்கிறதை நிறுத்திடாதீங்க" என்றார். அந்தப் பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. சில மாதம் திருவிருந்தில் சேராமல் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஐயரே அழைத்தார். கொரிந்து சபை தண்டித்த மனிதனைப் பற்றி, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்று பவுல் எழுதவில்லையா? ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரு முடிவும் இருக்கவேண்டும்.

பணப்பொறுப்பு மட்டும் அவரிடம் திரும்பவில்லை, அவரும் வேண்டாம் என்றார். அது சரி என்றே நினைக்கிறேன். பாவம் மன்னிக்கப்பட்டவன் கையில் மறுவாரமே சாவியைக் கொடுப்பது அன்பு ஆகாது, திரும்ப அதே சோதனையில் தள்ளுவதுதான். இந்த வருஷம் அசனத்தில் அண்டா கழுவுகிற வேலையை எடுத்துக்கொண்டார். பாட்டும் மெதுவாகத் திரும்பிவிட்டது.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டி கூடுவதற்கு முன்னால் நீ போய்ப் பார். தனியாகப் போகாமல், வாய் அடக்கமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. கலாத்தியர் 6:1 சாந்தமான ஆவியோடு என்று சொல்லிவிட்டு, "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு" என்று போகிறவனையும் எச்சரிக்கிறது, அதை ஒரு தரம் வாசித்துவிட்டுப் போ. குடிப்பது நோயாகவே ஆகிவிட்டிருந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஆபத்தான நிலைக்குப் போகும் சிலருக்கு, அதை வீட்டாரிடம் சொல். வாலிபர் கூட்டத்தை இப்போதைக்கு வேறொருவர் நடத்தட்டும். ஆனால் "இனிமேல் அவனுக்கு ஊழியமே கிடையாது" என்று யாராவது தீர்மானம் எழுதப் பார்த்தால் நீ கையெழுத்துப் போடாதே. மாற்கு ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் என்று பவுல் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். கடைசியில் அதே பவுல்தான், மாற்கு எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார்.

கமிட்டி என்றைக்குக் கூடுகிறது என்று எழுது, அன்றைக்கு இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து ஜெபிப்போம். தம்பிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் எங்கள் பழைய பொருளாளர் பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். கல்யாணத் தேதி உறுதியானதும் உடனே தெரிவி, டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்