ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இன்னொரு முறை

மச்சான்,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். கொஞ்சம் பார்வை தெளிந்ததும் பாதியில் நிறுத்திவிடுகிற ஆள் அவர். இங்கே எல்லோரும் நலம். நங்கநல்லூர் வீட்டுக்கு ஒருவழியாக வெள்ளையடித்து முடித்தோம். அம்மா முழங்கால் வலியோடு மாடி வரை ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சரி, கம்ப்யூட்டர் விஷயம். பாப்பாவுக்கு கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, பழையதை எடைக்குப் போட்டுவிட்டு 30,000 ரூபாயில் புது சிஸ்டமே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அந்தப் பணத்தில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. 2018 கடைசியில் கேசினோ தியேட்டர் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பி450 மதர்போர்டு எடுத்தோமே, அதை வைத்துக்கொண்டே, பிராசசரையும் கார்டையும் மட்டும் மாற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

அந்த போர்டில் பிராசசர் உட்காரும் இடத்துக்கு, அதாவது சாக்கெட்டுக்கு, ஏ.எம்.4 என்று பெயர். பிராசசர் கம்பெனியான ஏ.எம்.டி. அதை 2016-ல் கொண்டுவந்தது. உன் ரைசன் 5 1600 பிராசசர் அதற்கு அடுத்த வருடத்துச் சரக்கு. 2022-ல் வந்த ரைசன் 5 5600-ம் அதே சாக்கெட்டில்தான் உட்காருகிறது. இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் மூளை), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 65 வாட். எண்களைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் வேறு. புதியதில் 32 எம்.பி. கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) ஒரே தொகுதியாக இருப்பது கேமுக்கு நன்றாகவே உதவும். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் பிராசசர் பட்டியலில் உன் 1600 இல்லை, 5600 இருக்கிறது. பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்பு அமைப்பை ஆன் செய்யவேண்டும்.

ஆனால் பர்ஸைத் திறக்கும் முன் ஒரு செலவில்லாத வேலை. உன் ராம் 3000 வேகத்துக்கானது. பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்திருக்கிறாயா என்று பார். செய்யாவிட்டால் அது 2133 வேகத்திலேயே நொண்டிக்கொண்டு ஓடும். அப்புறம் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு பாப்பாவை விளையாடச் சொல். கார்டு எப்போதும் 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. அது 60-ல் கிடக்க, படம் மட்டும் திக்கினால் பிராசசர் பக்கம் பார். உன் விஷயத்தில் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். என்விடியா கம்பெனியின் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டில் 3 ஜி.பி. மெமரி உள்ள மாடல் உன்னுடையது. மெமரி மட்டுமல்ல, 6 ஜி.பி. மாடலைவிட அதில் கோர்களும் குறைவு. போதாததற்கு அந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதையும் என்விடியா நிறுத்திவிட்டது.

இப்போது நான் பட்டதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். மூன்று வருடத்துக்கு முன் நான் கார்டை மட்டும் மாற்றினேன். உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழையது, கேபினெட்டோடு ஒரு கடையில் இனாமாக வந்தது. மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருந்தது. கேம் இருபது நிமிடம் ஓடும், பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸை இரண்டு தடவை ஃபார்மேட் செய்தேன். கார்டைக் கடைக்குத் தூக்கிப் போனேன்; அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு மாதம் தூக்கம் கெட்டது. கடைசியில் ஆபீஸ் நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினேன், அன்றோடு நின்றது. பழையதன் ஸ்டிக்கரைப் பொறுமையாகப் படித்தபோதுதான் புரிந்தது: 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த வரிசையிலிருந்துதான். அதனால் பெரிய எழுத்தை நம்பாதே, 12 வோல்ட்டைப் பார். '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத்தான், தரத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை. நல்ல கம்பெனியின் 550 வாட் உனக்கு ஏராளம். இதில் மட்டும் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். புதியதோடு வரும் கேபிள்களையே பயன்படுத்து. பழைய மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை மாட்டினால் முனையிலுள்ள ஊசிகளின் வரிசை மாறி போர்டே கருகலாம்.

பிராசசரை மாற்றும் முன் பயாஸை அப்டேட் செய்யவேண்டும், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே. போர்டு கம்பெனியின் தளத்தில் 5600-க்கு எந்த பயாஸ் என்று இருக்கும். யு.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடாதே. கூலரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கு, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கு, பிறகு கூலரை லேசாகத் திருகி எடு. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு வந்தது. வளைந்த இரண்டு பின்னை மைக்ரோ டிப் பென்சிலின் முனையால் நிமிர்த்துவதற்குள் கை நடுங்கிவிட்டது.

கார்டுக்குப் பணத்தில் பாதியை ஒதுக்கு. உன் மானிட்டர் 1080பி. அதற்கு 8 ஜி.பி. உள்ள ஆர்.எக்ஸ். 6600 நன்றாகப் பொருந்தும். 132 வாட்தான், ஒரே ஒரு 8 பின் கேபிள். மலிவாகக் கிடைக்கிறதென்று 6500 எக்ஸ்.டி.யை எடுத்துவிடாதே. அதில் 4 ஜி.பி. மெமரி, போர்டோடு பேசும் பி.சி.ஐ. பாதையும் நாலே லேன். உன் போர்டில் அந்தப் பாதை பழைய 3.0 தலைமுறை என்பதால் அந்தக் கார்டு அதில் ரொம்பவே தடுமாறும். செகண்ட் ஹேண்ட் என்றால் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசை உருவாக்கும் மைனிங்கில் உழைத்த கார்டாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் அந்த மைனிங் நின்றதும் ஏகப்பட்ட கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதனாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் கடையிலேயே கேம் ஓட்டிக் காட்டச் சொல், ஃபேன் சத்தத்தைக் கேள், ஜி.பி.யு.-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு மாடலைச் சரிபார்.

ராம் விலை ஏ.ஐ. டேட்டா சென்டர்களால் ஏறிக்கிடக்கிறது. உன்னிடம் இருப்பது போலவே இன்னொரு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 குச்சியைப் பழையதாகவே பார்க்கலாம். இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடவேண்டும். எஸ்.எஸ்.டி. இருக்கிறது, அது போதும். கேபினெட், மானிட்டர் எதையும் தொடாதே. தூசியை மட்டும் தட்டு.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் ரயில் ஏறு. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடை மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமைதான் சரி. இப்போது மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குவது என் பொறுப்பு. பாப்பாவையும் கூட்டி வா. நம் முதல் போர்டை வாங்கிக்கொண்டு அந்தத் தெரு முனையில் டீ குடித்தபோது நீ பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லவேண்டும் எனக்கு.

அதற்குள் மூன்று படம் எடுத்து அனுப்பு: போர்டின் மாடல் நம்பர், பயாஸின் முதல் பக்கம், எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரி தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி