கருப்பாயி பிழைத்துக்கொண்டாள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் தை மாதம் வந்தது. வைகாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவாய், திட்டு. பேத்தி நடக்கிறாளா? இங்கே நாங்கள் சுகம். எங்கள் எருமை கருப்பாயிதான் செத்துப் பிழைத்தாள். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

கத்திரி வெயிலில் ஒரு நாள் மதியம் கொட்டகைக்குப் போகிறேன், நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருக்கிறாள். வாயெல்லாம் நுரை. எழுப்பினால் கால் மடங்குகிறது. மாட்டு டாக்டர் வந்து சூடு பார்த்தார். 41.5 டிகிரி. 38.5 பக்கம் இருக்க வேண்டியதாம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம், ஈரச்சாக்கைப் போர்த்தினோம், ஃபேன் வைத்தோம். குளுக்கோஸ் ஏறி, பொழுது சாயும்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"தீனி எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டார் டாக்டர். பதினோரு மணிக்கு, நிறைய வைக்கோல். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கீற்றைப் பிரித்துவிட்டுப் போன வருஷம் போட்ட தகரம். எனக்கு அப்போதே தொண்டை அடைத்துவிட்டது.

அவர் சொன்னதைக் கேள். எருமைக்கு வியர்வைச் சுரப்பி பசுவைவிட ரொம்பக் குறைவு. கறுத்த தோல் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும், மறைக்க ரோமமும் அதிகம் இல்லை. போதாததற்கு உள்ளேயும் ஓர் அடுப்பு. தின்ற வைக்கோல் பெரிய வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும். குளிர்காலத்தில் அது நல்லது. உச்சிவெயிலில் நானே அந்த அடுப்புக்கு விறகு வைத்திருக்கிறேன். இனி தீனி விடிகாலையிலும் இரவிலும்தான். முன்பெல்லாம் வெயில் நாளில் அவள் தின்னாமல் நின்றால் நோய் என்று பயப்படுவேன். உடம்பு தன் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வழியாம் அது. பால் குறைவதற்கும் அது ஒரு காரணமாம்.

நம் குட்டை ஞாபகம் இருக்கிறதா? எருமைகள் நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கும், கரையேற்ற வாலைப் பிடித்து இழுப்போமே! சோம்பேறித்தனம் என்றுதானே நினைத்தோம்? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், எட்டு லிட்டரைக் கொதிக்கவைக்கும் அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகுமாம். வியர்க்க முடியாத பிராணி அந்தத் தண்ணீரை வெளியிலிருந்துதானே வாங்க வேண்டும்? தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு மெதுவாகக் காயும், கரையேறிய பிறகும் குளிர்த்தும். சந்தனம் பூசிய மாதிரி உடம்பெல்லாம் சேறு அப்பிக்கொள்வது அதற்குத்தான், மல்லிகா!

சொரணை இல்லாதவனை எருமை என்று திட்டுகிறோம். வெயில் இவ்வளவு உறைக்கிற பிராணியைப் போய். குட்டை தூர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பதிலாக நான் அவளுக்குக் கொடுத்தது ஒரு தகரமும் அரை வாளித் தண்ணீரும். இரவில் எழுந்து போய் அவள் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

தகரத்தின் மேல் கீற்று வேய்ந்தாகிவிட்டது. கொல்லையில் பம்புசெட் வாய்க்காலை ஒட்டிக் குழி வெட்டுகிறோம், இடுப்பளவு வந்துவிட்டது. உன் தம்பி வீட்டில் பழைய ஓஸ் பைப் சும்மா கிடக்கிறது என்றாயே, இருபது அடி கிடைத்தாலும் போதும். ஆடிக்கு வரும்போது எடுத்து வா. பேத்தியையும் கூட்டி வா. கருப்பாயி சாது, முதுகில் உட்கார வைக்கலாம்.

உன்,
செல்வி