சேலத்துக்கு ராத்திரி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் வாரக் கடைசியை எப்படிக் கழிப்பது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏற்காடு, ஏரிப் படகு, மால், சினிமா எல்லாம் சரி. நைட் லைஃப் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். அதுதான் உறுத்துகிறது.

நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் புது இயந்திரங்கள் இறங்கியிருக்கின்றன. அவற்றை ஓட்டிக் காட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, சில மாதங்களாக இங்கேயே தங்கியிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி எங்கே போகலாம் என்று அவர் தங்கியிருக்கும் ஓட்டலில் கேட்டால், கீழே இருக்கும் பாரைக் கைகாட்டுகிறார்கள். ஒருமுறை நானும் கூடப் போனேன். இருட்டு, ஏசி, சுவரில் கிரிக்கெட். பதினொரு மணிக்கெல்லாம் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாட்டுக்கு முன்னோடியாக 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், இந்த அளவுக்காவது பார் இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள் என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆடி வந்தது. அப்புறம் அவர் அந்தப் பாருக்குப் போகவில்லை.

ஆடி மாதத்தில் சேலத்துக்கு வாரக் கடைசி சனிக்கிழமை வரை காத்திருக்காது. கோட்டை மாரியம்மன் கோயிலிலும் ஊரிலுள்ள மற்ற மாரியம்மன் கோயில்களிலும் புதன்கிழமை பொங்கல். அன்று உள்ளூர் விடுமுறை. தரையில் உருண்டு நேர்த்திக்கடன் செலுத்தும் உருளுதண்டம் போடுகிறவர்கள், மாவிளக்குத் தட்டோடு நிற்கிறவர்கள் என்று விடிகாலையிலேயே கோயில் நிறைந்துவிடும். மறுநாள் ஊருக்குள் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை. சிவன், முருகன், மீனாட்சி கல்யாணம் என்று தெருக்காரர்களே வேடம் கட்டி, சீரியல் விளக்கு ஜோடித்த வண்டிகளில் ஏறிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். பக்கத்துத் தெரு வண்டியை மிஞ்ச வேண்டும் என்று மாதக்கணக்கில் ரகசியமாக வேலை நடக்கும். ஜெர்மனிக்காரர் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா கேட்காமலே கூழ் கொடுத்தார். வண்டியில் சிவனாக அசையாமல் நின்றவர் எங்கள் ஆலையின் எலக்ட்ரீஷியன் என்று சொன்னபோது இவர் நம்பவே இல்லை. வேடிக்கை முடிந்து தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றோம். பீட்ரூட்டும் கேரட்டும் சட்டையில் சிந்தாமல் அதைத் தின்னச் சேலத்தில் பிறந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. நான் அழைத்துப்போக நினைத்தது இதற்குத்தான். அபிமன்யு பத்மவியூகத்துக்குள் நுழையும் கதை. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், ஒரு பெஞ்சு, நாலு பக்கமும் ஜமுக்காளம். வேடம் கட்டுகிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். முகத்தில் அரிதாரம் ஏறியதும், மர அணிகளான கட்டைகளையும் கிரீடத்தையும் வைத்துக் கட்டியதும், திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை கேட்டதும் பார்த்து அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சும்மா இருப்பாரா? வெள்ளைக்காரரை வம்புக்கிழுத்து, கௌரவர் பக்கம் சண்டை போட வந்த கூலிப்படை என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் விடிய விடிய ஆட வேண்டிய அந்தக் கூத்து விடியும்வரை போகவில்லை. பாதியில் மைக்கை நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது. அபிமன்யு சாவதற்குள் சுருக்கி முடித்துவிட்டார்கள்.

சட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில், விடிகாலை குழாய் ஸ்பீக்கரில் ரெக்கார்டு பாட்டு அலறுவதை அனுபவித்தவன் நான். அந்த விதி இன்னும் கறாராக நடந்தாலும் கைதட்டுவேன். ஆனால் கலாசார, மத விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. மூடிய அரங்குகளுக்கு இந்த நேரத்தடையே வேறு மாதிரி. ஆக, கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போடும் ஓட்டலுக்கு வழி உண்டு. தெருவில் ஆடுவதற்கென்றே பிறந்த கலைக்கு 10 மணியோடு சரி. அந்த நேரத்தில்தான் கூத்துக்காரர் முகத்தில் முதல் கோடே போடுவார்.

தளர்வு நாட்களைத் திருவிழாக் கூத்துகளுக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கி அறிவித்தால் பாதிச் சிக்கல் தீரும். நள்ளிரவுக்கு மேல் மைக் இல்லாமல் ஆடட்டும். மூன்றாம் சாமத்தில் கிராமத்தில் அந்தக் குரல் கேட்காமல் போகாது. மாவட்ட நிர்வாகத்துக்கு இதில் பைசா செலவில்லை. குகையில் வேடிக்கை பார்க்க வரும் பெண்களுக்கு அந்த ராத்திரியில் தற்காலிகக் கழிப்பறை நிறுத்தவும், கடைசி பஸ்ஸை இரண்டு மணி நேரம் தள்ளி விடவும் மட்டும் கொஞ்சம் செலவாகும்.

ஏற்காட்டைப் பற்றிக் குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை. லேடீஸ் சீட் காட்சி முனையிலிருந்து இருட்டியபின் கீழே தெரியும் சேலத்தைப் பார்த்து, இவ்வளவு விளக்கு எரிகிற ஊரில் ராத்திரி போக அந்த ஓட்டலில் பாரை மட்டும் ஏன் கைகாட்டினார்கள் என்று ஜெர்மனிக்காரர் கேட்டார். அவருடைய நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் சாத்தியிருக்குமாம். கடைவீதி அன்று திறந்திருப்பதே அவருக்கு ஒரு திருவிழா.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்த ஊரில், எந்தக் கோயிலில், என்றைக்குக் கூத்து என்பது இப்போது சுவரொட்டி ஒட்டிய தெருவைத் தாண்டி யாருக்கும் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைப் பதிப்பில், சேலம் பக்கத்தில், சினிமாக் காட்சி நேரங்களுக்குக் கீழே நாலு வரி இடம் ஒதுக்குங்கள். விவரம் திரட்டித் தர எங்களைப் போன்ற வாசகர்கள் தயார். அடுத்த முறை அந்தக் கட்டுரையாளர் சேலம் வந்தால் அவரையும் அழைத்துப் போகிறேன், பங்குனியிலோ ஆடியிலோ வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.