தோட்டத்து இடுகாட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளின் பேறுகாலத்துக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஹென்பரி பகுதியில் செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கப் போனபோது, அதன் வளாகத்தில் ஒரு கல்லறை கண்ணில் பட்டது. சுற்றிலும் சாம்பல் நிறக் கற்கள். இது மட்டும் வண்ணம் பூசியது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். குட்டித் தேவதைகளின் முகங்கள் செதுக்கி, கறுப்பு பூசியிருக்கிறார்கள்.

சிப்பியோ ஆப்பிரிக்கானஸ் என்ற பையனின் கல்லறை அது. சஃபோக் பிரபுவின் வேலைக்காரன். 1720 டிசம்பர் 21-ஆம் தேதி இறந்தபோது வயது 18. அடிமையாகப் பிறந்தவன் என்று கால்மாட்டுக் கல்லே சொல்கிறது. பெயர்கூட அவன் தாய் வைத்ததாக இருக்காது; ரோமாபுரித் தளபதி ஒருவருடைய பெயர். அந்த இரண்டு கல்லும் இல்லையென்றால் அப்படி ஒருவன் வாழ்ந்ததே இன்று யாருக்கும் தெரியாது. 2020-இல் யாரோ உடைத்துவிட்டார்கள். சரிசெய்ய மக்களே பணம் திரட்டினார்கள்.

எனக்கு அங்கேயே தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. இங்கே பினாங்கின் செபராங் பிறையில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1951-இல் இறந்தார். அப்பா சிமெண்டு குழைத்து, அது காய்வதற்குள் ஆணியால் பெயர், ஊர், வருடம் எழுதி நட்டார். விழுப்புரத்தை 'விளுப்புரம்' என்று எழுதியிருந்தார். தீபாவளிக்கு முன்னால் படையல் போடப் போவோம். எழுத்துக்குள் அடைந்த செம்மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பது என் வேலை. அப்புறம் தோட்டம் கைமாறியது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் லீவு எடுத்துப் போய்ப் பார்த்த அன்று அந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள் நின்றன. ஒரு படம்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை.

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவி, 1794-இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறை இன்றும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். சரி, இருக்கட்டும். காடு வெட்டி மரம் நட்டவர்களின் கல் எங்கே?

பழைய தோட்டத்து இடுகாடு எங்காவது மிச்சம் இருந்தால், வாசகர்கள் இந்த மாதமே போய்ப் படம் எடுங்கள். கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு பத்தி ஒதுக்கித் தர வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் என் தாத்தாவின் விவரத்தை அனுப்புகிறேன். அச்சிடும்போது 'விளுப்புரம்' என்பதைத் திருத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு