கிரீஸ் கறையோட போன தம்பிக்கு

போன சனிக்கிழமை தைவான் ஷின்ஜூல கொட்டுற மழையில என் சைக்கிள் செயின் கழண்டு சிக்கிக்கிச்சு, நான் முழிச்சிட்டு நிக்கறப்ப வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு நேம் பேட்ஜோட மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட ரெண்டு மிஷனரி பசங்க வந்து நின்னாங்க. ஒருத்தன் ரோட்டுலயே குந்தி சரி பண்ணிக் கொடுத்தான், சட்டைக் கை ஃபுல்லா கிரீஸ். டீ வாங்கித் தரேன்னேன், அவங்க மதத்துல டீ காபி கிடையாதாம், தண்ணி மட்டும் குடிச்சான். 19 வயசுதான், வீட்டுக் காசுல 2 வருஷ ஊழியம், சீன மொழி கத்துக்கிட்டு வீடு வீடா போறான், முக்கால்வாசிப் பேர் கதவையே திறக்க மாட்டாங்களாம், அதையும் சிரிச்சிக்கிட்டே சொல்றான்! அம்மாகிட்ட வாரம் ஒரு தடவை பேசலாமாம், 2019க்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தானாம். எனக்கு சாமி நம்பிக்கை கம்மி, ஆனா அந்த வயசுல நான் ஹாஸ்டல்ல வீட்டுச் சோத்துக்கு அழுதவன். பேட்ஜ்ல சீன எழுத்து, பேரு படிக்கத் தெரியல. ரொம்ப நன்றி தம்பி, சட்டைக் கறை போச்சா?