ராத்திரி முழுக்க ஓடட்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. "பாப்பாவோட கம்ப்யூட்டருக்கு என்ன ரேம் போடறது, ஒரு வரி எழுது போதும்" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள்.

நீ கேட்ட அதே ரேம், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம், இந்த இரண்டு மாதமும் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில்.

3200 வேகம் வாங்கவா 3600 வேகம் வாங்கவா என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். சைக்கிளுக்கு எந்த பெல் வைப்பது என்று ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்தவன் ஆயிற்றே நீ! வேகத்தை விட்டுவிடு. பாப்பா படிக்க, எழுத, வீடியோ பார்க்க வாங்குகிற கம்ப்யூட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தவிர, பெட்டியில் 3600 என்று போட்டிருந்தால் அது தானாக வந்துவிடாது. கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கிற பயாஸ் என்ற செட்டிங்ஸுக்குள் போய், அந்த வேகத்தைக் கொடுக்கிற எக்ஸ்எம்பியை ஆன் செய்யவேண்டும், மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது ரேமின் வகை, டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் இருக்கிற வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது. ஏறவில்லை என்றால் வகை தப்பு, இல்லையென்றால் திருப்பிப் பிடித்திருக்கிறாய் என்று அர்த்தம். பலத்தைக் காட்டாதே. பிராசஸர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டும் வாங்கிவிடாதே. இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசஸருக்கு இரண்டு வகையும் ஒத்துவரும், எது ஏறும் என்பதைப் போர்டுதான் முடிவு செய்யும். போர்டின் மாடல் நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொள்.

எவ்வளவு என்றால், 16 ஜிபி. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு விண்டோஸை ஏற்றலாம், நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. ரேம் போதாமல் போனால் மீதியை டிஸ்க்கில் தள்ளித் தள்ளி எடுக்கும், ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பொறுமை போய்விடும். 8 ஜிபியிலும் ஓட்டலாம்தான், ஆனால் குழந்தை இன்னும் நாலைந்து வருஷம் அதில் படிக்கப்போகிறாள்.

அந்த 16ஐ ஒரே ரேம் குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்கு. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு சானல் வழியாகவும் ஒரே நேரத்தில் டேட்டா போகும், ஒன்று இருந்தால் ஒரு வழிதான். பாப்பாவின் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, திரையில் தெரிகிற படத்துக்கும் இதே ரேமிலிருந்துதான் பங்கு போகிறது. அதனால் இந்த இரட்டைப் பாதையின் பலன் அதில் நன்றாகவே தெரியும். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. பெரும்பாலான போர்டுகளில் அப்படித்தான், எதற்கும் போர்டோடு வந்த புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடு.

ரவி உன்னிடம் பழைய சர்வரில் கழற்றிய ரேமைப் பற்றிச் சொல்லியிருப்பான், என்னிடமும் சொன்னான். "அதுவும் ரேம்தானேடா" என்பான். சர்வர்களில் பெரும்பாலும் இருக்கிற ரெஜிஸ்டர்ட் ரேம் என்ற வகை நம் வீட்டுப் போர்டுகளில் வேலை செய்யாது. அவன் பேச்சைக் கேட்டு நாம் ரேடியோவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறதா?

இனி என் கதை. என்னிடம் 2666 வேகத்தில் 8 ஜிபி ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொரு 8 ஜிபி, வேறு கம்பெனி, 3200 வாங்கிப் போட்டேன். இரண்டும் சேர்ந்து 2666இல் ஓடின. மெதுவான குச்சியின் வேகத்துக்குத்தான் மற்றதும் இறங்கும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல் வாரம் கம்ப்யூட்டர் பறந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பிரவுசர் டேப் தானாகச் செத்துப்போகும். இறக்கின ஃபைலைத் திறந்தால் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லும், மறுபடி இறக்கினால் சரியாக இருக்கும். நான் வைரஸ் என்று நினைத்தேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன், போடும்போதே பாதியில் நின்றது. இத்தனைக்கும் ரேமைச் சந்தேகப்படவே இல்லை சேகர். புதுச் சாமான், அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் பழைய டிஸ்க்கில் இருந்த போட்டோக்களை எல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். அப்பா போன பிறகு தேடித் தேடிச் சேர்த்து வைத்தவை. மாற்றி முடித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு படத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மூக்குக்கண்ணாடி வரைக்கும் தெளிவாக இருக்கிறது. மார்புக்குக் கீழே படம் முழுக்கப் பச்சை, கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. அப்படி இன்னும் பதினோரு படங்கள். பழைய டிஸ்க்கை மறுநாள் காலையில் அழித்து மச்சானிடம் கொடுப்பதாக இருந்தேன். கை நடுங்கிவிட்டது எனக்கு.

அன்று ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராமை பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினேன். இலவசம்தான். நாற்பது நிமிஷம் ஒன்றுமே இல்லை. படுக்கப் போகலாம் என்று எழுந்தபோது சிவப்பாக ஒரு வரி வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது. காலையில் இரண்டையும் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பழையது சுத்தமாகத் தேறியது. புதியதில் மறுபடி சிவப்பு.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் நுணுக்கமான ஒரு மின்தேக்கியில் துளி மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓயாமல் கசியும், 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் கசிவு கூடிவிட்டால் அங்கே எழுதின 1 திரும்பி வரும்போது 0. சர்வர்களில் அதைக் கண்டுபிடித்துத் திருத்த இசிசி என்ற வசதி இருக்கிறது. நம் வீட்டு டிடிஆர்4இல் அது கிடையாது. தப்பாக வந்த எண்ணைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்பி டிஸ்க்கில் எழுதிவிடும். டிஸ்க் போகும்போது சத்தம் போடும், ஃபேன் நின்றால் சூடாகும். ரேம் எதுவுமே சொல்லாது.

அதனால் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வருகிற ரேமை வாங்கு, வாரண்டி ஆயுட்காலத்துக்கு இருக்கிறதா என்று பார், பல கம்பெனிகள் கொடுக்கின்றன. கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, உலோகத்தைத் தொட்டுவிட்டு ஓரத்தைப் பிடித்துப் போடு. கிளிப் 'டக்' என்று விழவேண்டும். போட்ட கையோடு பாப்பாவிடம் கொடுத்துவிடாதே. மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் திருப்பிக் கொடு. அவள் ப்ராஜெக்ட் எழுதுகிற கம்ப்யூட்டர் அது.

என் குச்சியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதியதை இரண்டு ராத்திரி ஓட்டிப் பார்த்த பிறகுதான் போட்டோக்களை மறுபடி எடுத்தேன். பன்னிரண்டும் முழுசாக வந்துவிட்டன. அப்பா படத்தை இதோடு வைத்திருக்கிறேன், கீழ்ப்பாதியைப் பார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறவர்கள் நீயும் நானும் ரவியும்.

வாங்குவதற்கு முன்னால் போர்டின் மாடல் நம்பரை அனுப்பு. இந்தத் தடவை அன்றே பதில் போடுகிறேன்.

உன்,
முரளி