படம் எடுக்கும் இடத்துக்கும் நிதி வேண்டும்

ஆசிரியருக்கு,

வேளாண்மை, மருத்துவத் துறைகளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு இந்திய-அமெரிக்கக் கூட்டு நிதி வழங்குவது குறித்த செய்தியைப் படித்தேன். வரவேற்கத்தக்கதே. ஆனால், படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் இத்தகைய மென்பொருள்கள் சறுக்குவது பெரும்பாலும் கணினியில் அல்ல, படம் எடுக்கும் இடத்தில். அமெரிக்க, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 54,306 இலைப் படங்களைக் கொண்டு உருவாக்கிய பயிர்நோய் அறியும் மென்பொருள், அதே தொகுப்பின் படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களில் ஏறத்தாழ 31 சதவீதம்தான் (2016). பறித்த இலையை ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுப்பது வேறு. உச்சி வெயிலில், பக்கத்து இலையின் நிழல் விழ வயலில் எடுப்பது வேறு.

விழித்திரைப் பரிசோதனையிலும் இதே கதைதான். தாய்லாந்துக் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பை அறியும் கூகுளின் மென்பொருள், தரம் போதாதென்று 21 சதவீதப் படங்களைத் தள்ளிவிட்டது. வெளிச்சமான அறையில் கண்பாவை விரியாது, படமும் தெளிவாக விழாது. ஒரு கண்ணைப் படமெடுத்ததும் பிளாஷ் ஒளியில் மறுகண்ணின் பாவையும் சுருங்கும். ஓரிரு நிமிடம் இருட்டில் காத்திருக்க வேண்டும். முகாம் வரிசையின் நெருக்கடியில் யார் காத்திருக்கிறார்கள்? எனவே, ஒவ்வொரு திட்டத்தின் நிதியிலும் ஐந்தில் ஒரு பங்கை இரு பருவ வயல் சோதனை, கருப்புத் திரை, கேமரா பராமரிப்பு, செவிலியர் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். தள்ளப்பட்ட படங்களின் எண்ணிக்கையையும் வெளியிட்டால்தான் அடுத்த தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.